சத்தியத்தின் கதை – 9: மணிக்கூண்டுக் கைதி

கடவுளை நம்பாதவன் தரும் வாக்கை எதை வைத்து நம்புவது? ஜான் லாக் 1689இல் எழுப்பிய இந்தக் கேள்வியில் போன வாரம் நின்றோம். மதச் சகிப்புக்காக அவ்வளவு வாதாடிய மனிதர், நாத்திகர் என்று வந்ததும் கதவைச் சாத்திவிட்டார். வாக்கு, ஒப்பந்தம், ஆணை என்ற இந்த மூன்றும்தான் மனிதர்களை ஒன்றாகக் கட்டிவைத்திருக்கின்றன; மேலே ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்ற நினைப்பை எடுத்துவிட்டால் எல்லாக் கட்டும் அவிழ்ந்துவிடும் என்பது அவர் கணக்கு.

அவருக்கு முன்பே, 1682இல், பியர் பெய்ல் வேறு கணக்குப் போட்டிருந்தார். மனிதர்கள் தங்கள் நம்பிக்கைப்படியா நடக்கிறார்கள்? குணம், பழக்கம், மானம், ஊர் என்ன சொல்லுமோ என்ற பயம், இவைதான் அவர்களை நடத்துகின்றன. ஆகவே நாத்திகர்கள் மட்டுமே வாழும் ஊரும் மற்ற ஊர்களைப் போலத்தான் இருக்கும் என்றார். லாக், பெய்ல் இருவரும் மன்னர்களுக்கு அஞ்சி ஹாலந்தில் தஞ்சம் புகுந்தவர்கள். ஒரே மண்ணிலிருந்து இரண்டு பதில்கள்.

அடுத்த இரு நூற்றாண்டுகளில் இங்கிலாந்தின் சட்டம் கதவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்ததையும் பார்த்தோம். ஆணையிட மறுத்த குவேக்கர்களுக்கு 1696இல், ஆணைக்குப் பதில் உறுதிமொழி கூறும் சலுகை கிடைத்தது. 1744இல், கல்கத்தா வணிகர் ஓமிசந்த் வழக்கில், தங்கள் மத வழக்கப்படி பிராமணரின் பாதம் தொட்டுச் சத்தியம் செய்த இந்துக்களின் சாட்சியம் லண்டன் நீதிமன்றத்தில் செல்லும் என்று தீர்ப்பானது. 1829இல் கத்தோலிக்கர்களும், 1858இல் யூதரான லயனல் டி ரோத்ஸ்சைல்டும் நாடாளுமன்றத்துக்குள் வந்தார்கள்.

எந்தக் கடவுளாக இருந்தாலும் சரி, ஒரு கடவுள் இருந்தால் போதும் என்ற இடத்துக்குச் சட்டம் வந்து சேர்ந்துவிட்டது. ஓமிசந்த் வழக்கிலேயே நீதிபதிகள் அந்த எல்லைக்கோட்டையும் போட்டார்கள். நன்மைக்குப் பரிசும் தீமைக்குத் தண்டனையும் தரும் ஒரு தெய்வத்தை நம்பாதவன் சாட்சிக் கூண்டில் ஏறவே முடியாது.

வாசலில் மீதமிருந்தது ஒரே ஒரு ஆள்.

* * *

கந்தக வாடை

சார்லஸ் பிராட்லா 1833இல் கிழக்கு லண்டனின் ஹாக்ஸ்டனில் பிறந்தவர். அப்பா ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் குமாஸ்தா. பையன் ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் அளவுக்குப் பக்தி உள்ளவன்.

பிஷப் வரப்போகிறார், ஆங்கிலத் திருச்சபையின் 39 கோட்பாடுகளையும் நன்றாகப் படித்துவை என்று பாதிரியார் பேக்கர் அவனிடம் சொன்னார். பையன் நன்றாகவே படித்தான். படித்ததை நான்கு சுவிசேஷங்களோடு ஒப்பிட்டான். சில இடங்கள் பொருந்தவில்லை. விளக்கம் கேட்டுப் பாதிரியாருக்குக் கடிதம் எழுதினான்.

விளக்கம் வரவில்லை. உங்கள் பிள்ளை நாத்திகன் ஆகிக்கொண்டிருக்கிறான் என்று அப்பாவுக்குக் கடிதம் போனது. பள்ளியில் பாடம் சொல்வது நின்றது. கருத்தை மாற்றிக்கொள்ள மூன்று நாள் அவகாசம், இல்லையென்றால் வேலை போய்விடும் என்ற மிரட்டல் வந்தது. பதினாறு வயதுப் பையன் வீட்டைவிட்டு வெளியேறினான்.

அப்போது அவன் நாத்திகனே இல்லை. சந்தேகம் கேட்ட விசுவாசி, அவ்வளவுதான். இங்கிலாந்தின் மிகப் பெரிய நாத்திகரை உருவாக்கியதில் அந்தப் பாதிரியாருக்குப் பாதிப் பங்கு உண்டு என்பது என் எண்ணம்.

வயிற்றுப்பாட்டுக்கு நிலக்கரித் தரகு பார்த்தான். முக்கியமான வாடிக்கை ஒரு ரொட்டிக்கடைக்கார அம்மாள். பையன் கடவுள் மறுப்பாளன் என்று காதில் விழுந்ததும் அவர் வியாபாரத்தை நிறுத்திவிட்டார். அவன் கொடுக்கும் கரியில் சுட்டால் ரொட்டியில் நரகத்தின் கந்தக வாடை அடிக்கும் என்று பயந்தாராம். பிற்காலத்தில் பிராட்லாவே சிரித்துக்கொண்டு சொன்ன கதை இது.

பிறகு பட்டாளத்தில் சில ஆண்டுகள், வழக்கறிஞர் அலுவலகத்தில் குமாஸ்தா வேலை, இரவில் மேடைப் பேச்சு. 1866இல் தேசிய மதச்சார்பற்றோர் சங்கத்தைத் தொடங்கினார். ஆறடிக்கு மேல் உயரம், மண்டபத்தின் கடைசி வரிசைக்கும் கேட்கும் குரல், சட்ட நுணுக்கங்களில் வழக்கறிஞர்களையே திணறடிக்கும் படிப்பு. 1877இல் அன்னி பெசன்ட்டுடன் சேர்ந்து குடும்பக் கட்டுப்பாடு பற்றிய ஒரு சிறு நூலை வெளியிட்டு ஆறு மாதச் சிறைத்தண்டனை பெற்றார். மேல்முறையீட்டில் அது ரத்தானது. (ஆம், பின்னாளில் அடையாறுக்கு வந்த அதே அன்னி பெசன்ட்தான்.) மரியாதைக்குரிய குடும்பங்களில் பிராட்லாவின் பெயரைச் சொல்லாமல் இருப்பதே மரியாதை என்று ஆகிவிட்டிருந்தது.

நார்தாம்ப்டன் செருப்புத் தொழிலாளர்களின் ஊர். 1868இல் அங்கே போட்டியிட்டுத் தோற்றார். தேர்தல் செலவுக்குத் தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில் 10 பவுண்டு அனுப்பினார். அதே தேர்தலில் மில் தன் சொந்தத் தொகுதியை இழக்க அந்த 10 பவுண்டும் ஒரு காரணமானது. 1874இல் பிராட்லா இரண்டு முறை நின்று இரண்டு முறையும் தோற்றார்.

1880 ஏப்ரலில் 3,827 வாக்குகள். வென்றுவிட்டார்.

* * *

ஒரு துண்டுக் காகிதம்

1880 மே 3, திங்கட்கிழமை. புதிய உறுப்பினர்கள் ஒவ்வொருவராகக் கையில் பைபிளைப் பிடித்து, கடவுள் துணையிருக்க அரசிக்கு விசுவாசமாயிருப்பேன் என்று ஆணையிட்டுக்கொண்டிருந்தார்கள்.

பிராட்லா மேசையருகே வந்தார். பைபிளைத் தொடவில்லை. அவையின் செயலர் எர்ஸ்கின் மேயிடம் ஒரு காகிதத்தை நீட்டினார். சட்டப்படி ஆணைக்குப் பதில் உறுதிமொழி கூற அனுமதிக்கப்பட்டவர்களில் நானும் ஒருவன். அவ்வாறே கூற அனுமதிக்க வேண்டும் என்பது சாரம்.

கடவுள் பெயர் இல்லாத நான்கு வார்த்தை உறுதிமொழி சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடலாம் என்றுதான் அவர் நினைத்திருப்பார். நினைப்பதற்குக் காரணமும் இருந்தது.

1866ஆம் ஆண்டு நாடாளுமன்ற ஆணைச் சட்டம், குவேக்கர்களும் மற்றும் சட்டப்படி உறுதிமொழி கூற அனுமதி பெற்ற வேறு எவரும் ஆணையிட வேண்டியதில்லை என்றது. ‘வேறு எவரும்’ என்பதில் தானும் அடக்கம் என்பது பிராட்லாவின் வாதம். ஏனென்றால் 1869, 1870ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத் திருத்தங்கள் நாத்திகர்களும் நீதிமன்றத்தில் உறுதிமொழி கூறிச் சாட்சி சொல்லலாம் என்று ஆக்கியிருந்தன. அந்தத் திருத்தங்கள் வரப் பாடுபட்டவர்களில் பிராட்லாவும் ஒருவர். அதற்குமுன் 1861இல் ஒரு பெண், கடவுள் நம்பிக்கை இல்லை என்று உண்மையைச் சொன்ன ஒரே காரணத்துக்காகச் சாட்சி சொல்ல முடியாமல் போய், வழக்கே தோற்றது. பிராட்லாவும் தன் சொந்த வழக்கில் அதே சுவரில் முட்டிக்கொண்டவர்தான்.

சபாநாயகர் பிராண்ட் தயங்கினார். எனக்குப் பலத்த சந்தேகம் இருக்கிறது, அவையே முடிவு செய்யட்டும் என்றார். அந்த ஒரு தயக்கத்தின் விலை ஆறு ஆண்டுகள். அவர் சரி என்று தலையசைத்திருந்தால் இந்த அத்தியாயமே இல்லை.

தேர்வுக்குழு ஒன்று அமைந்தது. எட்டுப் பேர் ஆதரவு, எட்டுப் பேர் எதிர்ப்பு. தலைவர் வால்போல் தன் வாக்கை எதிர்ப்பக்கம் போட்டார். உறுதிமொழி கூற முடியாது.

இப்போது பிராட்லா முன் ஒரே வழிதான் இருந்தது. மற்றவர்களைப் போல ஆணையிட வேண்டியது.

* * *

அந்தக் கடிதம்

எல்லாம் திரும்பிய இடம் இதுதான். கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

அவையில் அப்போது கடவுள் நம்பிக்கை இல்லாதவர் பிராட்லா ஒருவர்தானா? நிச்சயமாக இல்லை. நார்தாம்ப்டனின் இன்னொரு உறுப்பினர் ஹென்றி லபூஷேர் மதத்தைப் பற்றித் துளியும் கவலைப்படாதவர். பைபிளைத் தொட்டு, ஆணையிட்டு, போய் உட்கார்ந்துவிட்டார். தன்னை நார்தாம்ப்டனின் கிறிஸ்தவ உறுப்பினர் என்று வேடிக்கையாகச் சொல்லிக்கொள்வது அவர் வழக்கம். 1865இல் தேர்வான மில்லும் ஆணையிட்டுத்தான் அவைக்குள் போனார்.

பிராட்லாவும் வாயைத் திறக்காமல் அந்தப் புத்தகத்தைத் தொட்டிருந்தால், தடுக்க யாருக்கும் வழியிருந்திருக்காது.

அவர் வாயைத் திறந்தார். மே 20ஆம் தேதியிட்டு, பத்திரிகைகளுக்கு ஒரு கடிதம் எழுதினார். உறுதிமொழி கூறவே விரும்பினேன், அதை மறுத்துவிட்டார்கள். தொகுதி மக்கள் தந்த கடமையை நிறைவேற்ற ஆணையிட வேண்டியிருக்கிறது. அதில் சில சொற்கள் எனக்குப் பொருளற்றவை. ஆனாலும் அந்த ஆணையின் உட்பொருளுக்கு, உறுதிமொழி சொல்லியிருந்தால் எப்படிக் கட்டுப்பட்டிருப்பேனோ அப்படியே கட்டுப்படுவேன்.

இதைப் படித்த பக்தர்கள் கொதித்தார்கள். கடவுளின் பெயரை அர்த்தமற்ற ஒலி என்று சொல்லிவிட்டு, அதே பெயரை நாளை எங்கள் முன்னால் உச்சரிப்பானாம்! இது தெய்வ நிந்தனை இல்லாமல் வேறென்ன?

சுயசிந்தனையாளர்களிலும் சிலர் முகம் சுளித்தார்கள். நம்பாத ஒன்றைச் சொல்லக்கூடாது என்பதற்காகத்தானே இத்தனை காலம் நட்டப்பட்டோம், சிறை சென்றோம். தலைவரே அதைச் சொல்லப் போகிறாரா?

எதிரணியின் இந்தக் கோபத்தை என்னால் முழுதாக ஒதுக்கிவிட முடியவில்லை. வெற்றுச் சொல் என்று அறிவித்துவிட்டு அதைச் சொல்வது, கேட்பவரின் பக்கமிருந்து பார்த்தால் அவமதிப்புதான். அதே சமயம், அறிவிக்காமல் சொல்லியிருந்தால் அது மோசடி. பிராட்லா அவமதிப்பைத் தேர்ந்தெடுத்தார். லபூஷேர்களுக்கு மோசடி பழகிப்போயிருந்தது. யாரும் அவர்களிடம் எதுவும் கேட்கவில்லை.

மில் இருபது ஆண்டுகளுக்கு முன்பே இந்த விசித்திரத்தைச் சுட்டிக்காட்டிவிட்டார். நாத்திகன் பொய் சொல்வான் என்பதால் சாட்சிக் கூண்டிலிருந்து விலக்குகிறீர்கள். ஆனால் பொய் சொல்லத் துணியும் நாத்திகன் ‘நான் விசுவாசி’ என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிடுவான். உங்கள் சட்டம் வெளியே தள்ளுவது, ஊரார் தூற்றினாலும் பரவாயில்லை என்று உண்மையைச் சொல்பவனை மட்டும்தான்.

1859இல் அச்சான இந்த வாதத்துக்கு இதைவிடப் பொருத்தமான சாட்சி கிடைத்திருக்காது.

* * *

காலில் மிதிபட்ட பிரசுரம்

மே 21. பிராட்லா ஆணையிட மேசைக்கு நடந்தார். டோரிக் கட்சியின் பெஞ்சிலிருந்து சர் ஹென்றி டிரம்மண்ட் வுல்ஃப் எழுந்து ஆட்சேபித்தார்.

அவர் விரித்த பொறி அபாரமானது. பிராட்லா உறுதிமொழி கேட்டது எந்தச் சட்டத்தின் கீழ்? சாட்சியச் சட்டத் திருத்தத்தின் கீழ். அந்தத் திருத்தம் யாருக்கு? ஆணை எவருடைய மனசாட்சியைக் கட்டுப்படுத்தாதோ அவருக்கு. அப்படியானால் ஆணை தன்னைக் கட்டுப்படுத்தாது என்று அவரே ஒப்புக்கொண்டுவிட்டார். இனி அவர் எப்படி ஆணையிட முடியும்?

பிராட்லா தேடிப் பிடித்த சட்டமே அவர் கையைக் கட்டியது. உறுதிமொழி கேட்டதால் ஆணை போச்சு; உறுதிமொழியோ முன்பே போய்விட்டது.

மூன்று நாள் கழித்து லார்ட் ராண்டால்ஃப் சர்ச்சில் எழுந்தார். வயது 31. (வீட்டில் ஐந்து வயதில் வின்ஸ்டன் என்றொரு பையன்.) அரச குடும்பத்தை அகற்ற வேண்டும் என்று பிராட்லா எழுதிய பிரசுரம் அவர் கையில் இருந்தது. அதிலிருந்து சில வரிகளை வாசித்தார். பிரசுரத்தைத் தரையில் எறிந்தார். காலால் மிதித்தார். டோரி பெஞ்சுகள் ஆர்ப்பரித்தன.

இதை வெறும் பக்தி என்று எடுத்துக்கொண்டால் ஏமாந்துபோவோம். சர்ச்சில், வுல்ஃப், ஜான் கோர்ஸ்ட், ஆர்தர் பால்ஃபர் நால்வரும் சொந்தக் கட்சித் தலைமையின் மந்தத்தால் வெறுத்துப்போயிருந்த துடிப்பான ஆட்கள். தாராளவாதக் கட்சியின் கிளாட்ஸ்டன் பெரும் வெற்றியோடு பிரதமராகிச் சில வாரங்களே ஆகியிருந்தன. அந்த அரசைத் தினம் தினம் தடுமாற வைக்க அவர்களுக்கு ஒரு கருவி தேவைப்பட்டது. நார்தாம்ப்டன் மக்கள் அனுப்பிவைத்தார்கள். கிளாட்ஸ்டனோ அந்த அவையிலேயே மிகத் தீவிரமான கிறிஸ்தவர்களில் ஒருவர். அவரை நாத்திகத்தின் பாதுகாவலர் என்று சித்திரிக்க முடிந்தால் அதைவிட இனிப்பு ஏது?

ஆனால் அரசியல் கணக்கு மட்டுமே அத்தனை உறுப்பினர்களை பிராட்லாவுக்கு எதிராக எழுந்து நிற்க வைக்காது. அவர்களில் பலருக்கு உள்ளூர உண்மையான அச்சம் இருந்தது.

* * *

மூன்று வகை நேர்மை

அந்த அச்சம் என்ன? ஒரு மனிதன் கொடுத்த சொல்லை ஏன் காப்பாற்றுகிறான் என்பதில் அவர்களுக்குத் தெளிவான பதில் இருந்தது. மறுமையில் கணக்குக் கேட்பார்கள். நீதிபதி, நடுவர், போர்வீரர், உறுப்பினர் எல்லோரும் அந்தக் கணக்குக்கு அஞ்சியே நடக்கிறார்கள். ஒருவனுக்கு விலக்கு அளித்தால் அந்த அச்சமே தேவையில்லை என்று அரசு அறிவித்ததாக ஆகும். கத்தோலிக்கத் திருச்சபையின் கார்டினல் மானிங் அந்த ஆகஸ்டில் பத்திரிகையில் எழுதிய கண்டனமும் இதையே சொன்னது. கத்தோலிக்கர்களுக்கு அந்த அவையில் கதவு திறந்து அரை நூற்றாண்டு ஆகியிருந்தது. உள்ளே வந்தவர்கள் கதவைப் பிடித்துக்கொள்வது உலக வழக்கம் போலும். கத்தோலிக்கர்களான அயர்லாந்து உறுப்பினர்களில் பலர் பிராட்லாவை எதிர்த்தார்கள்.

இரண்டாவது பதில் குவேக்கர்களுடையது. அவர்களும் கிறிஸ்தவர்கள்தான், அதே பைபிள்தான். ஆனால் சத்தியமே செய்யாதீர்கள் என்று இயேசு மலையில் சொன்னதை அவர்கள் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். ஆணையிட்டால் உண்மை, ஆணையிடாவிட்டால் எப்படியும் இருக்கலாம் என்றால், ஒருவனுக்கு இரண்டு நாக்கு இருப்பதாக அர்த்தம். விசுவாசிக்கு ஒரே நாக்குதான் இருக்க வேண்டும். ஆணைக்காகச் சிறை சென்றவர்கள் இல்லை அவர்கள். ஆணையிடாததற்காகச் சிறை சென்றவர்கள்.

மூன்றாவது பிராட்லாவுடையது. அவர் பெந்தம், மில் வழியில் வந்தவர். ஒரு செயல் மனிதர்களின் துன்பத்தைக் குறைத்து நலத்தைக் கூட்டினால் நல்லது, இல்லையேல் கெட்டது. வாக்கு மீறினால் யாரிடம் வாக்குக் கொடுத்தேனோ அவருக்குத் தீங்கு. என்மேல் நம்பிக்கை வைத்த எல்லோருக்கும் தீங்கு. கணக்குக் கேட்பவர்கள் நார்தாம்ப்டனில் இருக்கிறார்கள். செத்தபிறகு கேட்பதற்கு முன்பே அவர்கள் கேட்டுவிடுவார்கள்.

மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், மதம் ஒருபக்கம், மதமின்மை மறுபக்கம் என்று இந்தச் சண்டை பிரியவில்லை என்பது புரியும். ஆணை என்ற சடங்கைப் பொறுத்தவரை, மிகத் தீவிர பக்தரான குவேக்கரும் கடவுளே இல்லை என்றவரும் ஒரே வாசலில் நின்றார்கள். ஒருவர் கடவுளை மிக நெருக்கமாக நம்பியதால். மற்றவர் நம்பவே நம்பாததால். நடுவில் இருந்த பெருங்கூட்டத்துக்குத்தான் சடங்கு தேவைப்பட்டது.

அதை உரக்கச் சொன்னவரும் ஒரு குவேக்கரே. ஜான் பிரைட், முதிய தாராளவாதத் தலைவர், விவாதத்தில் பிராட்லா பக்கம் பேசினார். உழைக்கும் மக்கள் கிறிஸ்தவத்தின் கோட்பாடுகளைப் பற்றி எவ்வளவு கவலைப்படுகிறார்களோ, மேல்தட்டினர் கிறிஸ்தவத்தின் நடைமுறையைப் பற்றி அவ்வளவே கவலைப்படுகிறார்கள் என்றார். அவையில் கூச்சல்.

நம் ஊர் பற்றியும் ஒரு சேதி. இந்தியாவில் 1840லேயே கங்கை ஜலத்தையும் குர்ஆனையும் ஒதுக்கிவிட்டு, இந்துக்களும் முஸ்லிம்களும் நீதிமன்றத்தில் உறுதிமொழி சொன்னால் போதும் என்று ஆங்கிலேய அரசு சட்டம் போட்டுவிட்டது. 1873இல் ஆணையிட ஆட்சேபம் உள்ள எவருக்கும் அந்த வசதி வந்தது. சென்னையில் ஒரு சாட்சிக்குக் கிடைத்ததை, லண்டனில் ஒரு மக்கள் பிரதிநிதிக்குத் தர மறுத்தார்கள்.

* * *

சட்டத்துக்கு விரோதமான உத்தரவு

இரண்டாவது தேர்வுக்குழு ஒரு சமரசம் சொன்னது. ஆணை வேண்டாம், அவர் பொறுப்பிலேயே உறுதிமொழி கூறட்டும், அது செல்லுமா என்று நீதிமன்றம் பார்த்துக்கொள்ளட்டும். லபூஷேர் அதைத் தீர்மானமாகக் கொண்டுவந்தார். ஜூன் 21, 22 இரண்டு நாள் விவாதம்.

ஜூன் 22 நள்ளிரவை ஒட்டி எண்ணினார்கள். ஆதரவு 230. எதிர்ப்பு 275. பெரும்பான்மை பலத்தோடு வந்த அரசு, சொந்தக் கட்சிக்காரர்களே கைவிட்டதால் தோற்றது. பிராட்லா ஆணையும் இடக்கூடாது, உறுதிமொழியும் கூறக்கூடாது.

மறுநாள், ஜூன் 23, புதன்கிழமை. பிராட்லா அவைக்கு வந்தார். என்னைப் பேசவிடுங்கள் என்றார். உறுப்பினராக இல்லாமல், அவையின் வாசல் தடுப்புக்கு வெளியே நின்று பேச அனுமதித்தார்கள்.

தெருமுனை மேடைகளில் இடி முழங்கியவர் அன்று தணிந்த குரலில் பேசினார். மதத்தைப் பற்றி வாதமே செய்யவில்லை. தயவு கேட்டு வரவில்லை, சட்டம் தரும் உரிமையைக் கேட்டு வந்திருக்கிறேன் என்றார். தேர்ந்தெடுத்தது நார்தாம்ப்டன், அதை ரத்து செய்யும் அதிகாரம் இந்த அவைக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டார். எதிரணியிலும் பலர் அசையாமல் கேட்டார்கள்.

கேட்டார்கள், மனம் மாறவில்லை.

சபாநாயகர் அழைத்து, வெளியேறும்படி சொன்னார்.

பிராட்லா மறுத்தார். இந்த அவையின் உத்தரவு சட்டத்துக்கு விரோதமானது. ஆகவே மரியாதையோடு கீழ்ப்படிய மறுக்கிறேன்.

அவையே திகைத்தது. அடுத்து என்ன செய்வது? எல்லோரும் அவை முன்னவர் கிளாட்ஸ்டனைப் பார்த்தார்கள். அவர் அசையவில்லை. நேற்று எந்தப் பக்கம் வென்றதோ அந்தப் பக்கமே இன்றைய வேலையையும் பார்க்கட்டும் என்று இருந்துவிட்டார். எதிர்க்கட்சித் தலைவர் நார்த்கோட் எழுந்து தீர்மானம் கொண்டுவர வேண்டியதாயிற்று.

அவைக் காவலர் கேப்டன் காசெட் வந்து பிராட்லாவின் தோளைத் தொட்டார். இருவரும் நடந்து தடுப்பைத் தாண்டினார்கள். தாண்டியதும் பிராட்லா திரும்பி மறுபடி மேசைக்கு வந்தார். காசெட் மறுபடி தோளைத் தொட்டார். மறுபடி நடந்தார்கள். மறுபடி வந்தார். சிறையிடும் வரை அவை என்னைச் சட்டப்படி அகற்றிவிட்டதாக ஆகாது என்பது அவர் நிலை. சட்டம் படித்தவரின் பிடிவாதம்.

நார்த்கோட் அடுத்த தீர்மானத்தைக் கொண்டுவந்தார். சிறை. ஆதரவு 274, எதிர்ப்பு 7.

* * *

பிக் பென்னுக்குக் கீழே

வெஸ்ட்மின்ஸ்டரின் மணிக்கூண்டில், இன்று உலகமே பிக் பென் என்று சொல்லும் அந்தக் கோபுரத்தில், அவையை மீறுபவர்களை வைக்க அறைகள் இருந்தன. பிராட்லாவை அங்கே கொண்டுபோனார்கள். பாதாளச் சிறையெல்லாம் இல்லை. நல்ல அறை, பார்க்க வந்த நண்பர்களுக்குத் தடையில்லை. அன்னி பெசன்ட் வந்தார். வந்தவர் சும்மா திரும்பவில்லை. சட்டம் செய்பவர்களே சட்டத்தை உடைத்த கதையை உடனே ஒரு துண்டுப் பிரசுரமாக எழுதி அச்சுக்கு அனுப்பினார்.

அந்தக் கோபுரத்தில் நாடாளுமன்றம் அடைத்த கடைசிக் கைதி அவர்தான்.

மேலவையில் இருந்த டோரித் தலைவர் டிஸ்ரேலிக்குத் தன் கட்சி செய்த காரியம் பிடிக்கவில்லை. இந்த மனிதரைத் தியாகியாக்கப் போகிறீர்கள் என்று எச்சரித்தார். மறுநாளே நார்த்கோட் எழுந்து, பிராட்லாவை விடுவிக்கும் தீர்மானத்தையும் தானே கொண்டுவந்தார். மன்னிப்புக் கேட்கச் சொல்லவில்லை, நிபந்தனை எதுவும் இல்லை. முன்தினம் சிறையிட்ட கையே கதவையும் திறந்துவிட்டது.

கிளாட்ஸ்டன் இப்போதுதான் அசைந்தார். சட்டப்படி உறுதிமொழி கூற உரிமை உண்டு என்று கோருபவர் எவரும், வரும் விளைவுகளுக்கு அவரே பொறுப்பு என்ற நிபந்தனையுடன் கூறலாம். ஜூலை 1 வாக்கெடுப்பில் ஆதரவு 303, எதிர்ப்பு 249. ஒன்பது நாளில் அவை தன் முடிவைத் தானே புரட்டிப் போட்டது.

ஜூலை 2, வெள்ளிக்கிழமை. பிராட்லா மேசைக்கு வந்தார், கடவுள் பெயர் இல்லாமல் உறுதிமொழி கூறினார், கையெழுத்திட்டார், இடத்தில் அமர்ந்தார். வாக்கெடுப்பு ஒன்றிலும் கலந்துகொண்டார்.

சில மணி நேரத்துக்குள் அவர் கையில் ஒரு நீதிமன்ற அறிவிப்பு வந்து சேர்ந்தது.

ஹென்றி கிளார்க் என்று ஒருவர் வழக்குத் தொடுத்திருந்தார். உரிய ஆணை இல்லாமல் அவையில் அமர்ந்து வாக்களித்ததற்கு அபராதம் 500 பவுண்டு. ஒரு வாக்குக்கு 500! பிராட்லா இனி வாக்களிக்கும் ஒவ்வொரு முறையும் இன்னொரு 500 ஏறும். செருப்புத் தொழிலாளர்களின் பிரதிநிதி, கையில் காசில்லாத மனிதர், சில மாதங்களில் திவாலாகிவிடுவார். திவாலானவர் உறுப்பினராக இருக்கவும் முடியாது.

கிளார்க்குக்கு இதில் என்ன அக்கறை? அவருக்குப் பின்னால் இருந்து செலவு செய்தவர் யார்? அந்த 1866ஆம் ஆண்டுச் சட்டம் ‘வேறு எவரும்’ என்று சொன்னதில் மதமே இல்லாதவர் அடங்குவாரா? அடங்கமாட்டார் என்று நீதிபதி சொல்லிவிட்டால், உறுதிமொழியை நீதிமன்றமும் ஆணையை அவையும் தடுத்துவிட்டபின், நார்தாம்ப்டன் மக்கள் போட்ட 3,827 வாக்குகளை எந்த வழியாக உள்ளே கொண்டுபோவார் பிராட்லா?

(அடுத்த வாரம்: கிழிந்த கோட்டு)